மல்டிமீட்டர் இரண்டு பக்கமும் ‘00.3’ காட்டினால் போதுமா?

காவிரிப் படுகையில் உள்ள ஓர் ஊரில், ஒற்றைத் திரை அரங்கில் நெடுங்காலமாக ஆபரேட்டராகப் பணிபுரியும் வாசகர் ஒருவர் விரிவான கடிதம் எழுதியிருக்கிறார். அரங்கம் டிஜிட்டலுக்கு மாறிய பிறகும் இரண்டு 35 எம்.எம். புரொஜெக்டர்களையும் அவற்றோடு இணைந்த டால்பி சிபி 65 ஒலி புராசஸரையும் அவர் துடைத்து, எண்ணெய் இட்டுக் காப்பாற்றி வந்திருக்கிறார். இப்போது உள்ளூர் இளைஞர்கள் சிலர் மாதம் ஒரு முறை பழைய பிரிண்ட்களைத் திரையிடக் கேட்டிருக்கிறார்கள், முதலாளியும் சம்மதித்துவிட்டார். சோதனைக்கு ஓட்டிப் பார்த்தபோது ஒரு பக்க ஒலி தாழ்ந்து கேட்டதால், எலெக்ட்ரானிக்ஸ் கடை நடத்தும் நண்பரின் யோசனைப்படி மல்டிமீட்டரை ஏசி 200 ரேஞ்சில் வைத்து, ஒரு ரீல் ஓடிக்கொண்டிருக்கும்போதே, ப்ரீஆம்ப்பின் (ஃபிலிமிலிருந்து வரும் மெல்லிய சிக்னலைப் பெருக்கும் முதல் சுற்று) இரு வெளியீடுகளும் 300 மில்லிவோல்ட் காட்டும்வரை, அளவைத் திருத்தும் பிரிசெட்களைத் திருகியிருக்கிறார். “இரண்டிலும் 00.3 சரியாக நின்றது. ஆனால் முன்பு இல்லாத குறை இப்போது வந்துவிட்டது. வசனம் திரையிலிருந்தும் வருகிறது, சுவரிலிருந்தும் எதிரொலிபோல வருகிறது. ‘ச’, ‘ஸ்’ வரும் இடங்களில் பின்பக்கம் சீறுகிறது. புரொஜெக்டர் மாறும்போது சத்தம் குதிக்கிறது” என்கிறார். மல்டிமீட்டர் மட்டும் வைத்து இந்த வேலையை முடிக்க முடியுமா, டெஸ்ட் ஃபிலிம் (அளவு தெரிந்த ஒலி பதிவான சோதனை ஃபிலிம்) இல்லாமல் வேறு வழி உண்டா, சத்தம் போதவில்லை என்று முதலாளி சொல்வதற்காக ப்ரீஆம்ப்பைக் கூட்டலாமா என்பவை அவருடைய கேள்விகள்.

அன்புள்ள ஐயா,

பலரும் பழைய இரும்புக்குப் போட்டுவிட்ட கருவிகளை நீங்கள் ஓடும் நிலையில் வைத்திருப்பதற்கு முதலில் என் வணக்கம். நீங்கள் எழுதிய மூன்று அறிகுறிகளும் தெளிவானவை. காதால் கேட்டதை அப்படியே எழுதியிருப்பதால், கருவியைப் பார்க்காமலேயே பாதிக் காரணங்களைச் சொல்லிவிட முடிகிறது. கருவி கெட்டுப்போனதாகத் தெரியவில்லை. அளந்த விதத்தில்தான் குறை இருக்கிறது. அதுவும் உங்கள் கையின் குறை அல்ல, மீட்டரின் குறை.

அந்த 00.3 என்ன சொல்கிறது

200 வோல்ட் ரேஞ்சில் உங்கள் மீட்டரின் கடைசி இலக்கம் ஒரு வோல்ட்டில் பத்தில் ஒரு பங்கு. உள்ளே 250 மில்லிவோல்ட் இருந்தாலும் 349 மில்லிவோல்ட் இருந்தாலும் திரையில் தெரிவது 00.3 தான். இந்த இரண்டுக்கும் இடையே ஏறக்குறைய 2.9 டெசிபல் வித்தியாசம் உண்டு. இடது பக்கம் ஒரு ஓரத்திலும் வலது பக்கம் மறு ஓரத்திலும் நின்றிருந்தால், நீங்கள் சமம் என்று நம்பி விட்ட இடத்தில் 3 டெசிபல் சாய்வு இருந்திருக்கும். இது மீட்டர் பிழையே இல்லாதது என்று வைத்துக்கொண்டு போட்ட கணக்கு. இந்த ரக மீட்டர்களின் கையேட்டில், ஏசி அளவீட்டுக்கு வழக்கமாக 1.2 சதவீதத்தோடு கடைசி இலக்கத்தில் 10 எண்ணிக்கை வரை பிழை வரலாம் என்றே போட்டிருக்கும். 200 வோல்ட் ரேஞ்சில் 10 எண்ணிக்கை என்பது ஒரு முழு வோல்ட். வீட்டு மின்சாரம் 230 இருக்கிறதா, 210 இருக்கிறதா என்று பார்ப்பதற்குச் செய்த ரேஞ்சில் கால் வோல்ட், அரை வோல்ட் சிக்னலை அளக்க முடியாது.

இன்னும் இரண்டு காரணங்கள் உண்டு. மலிவு விலை மீட்டர்கள் பலவற்றில் ஏசியை டிசியாக மாற்றும் வேலையை ஒரே ஒரு சிலிக்கான் டயோடு செய்கிறது. அது நன்றாகக் கடத்தத் தொடங்குவதற்குச் சுமார் 0.6 வோல்ட் வேண்டும். 300 மில்லிவோல்ட் சைன் அலையின் உச்சமோ 424 மில்லிவோல்ட்தான். ஆகவே அந்த மீட்டர் காட்டுகிற எண் சிக்னலுக்கு நேர்விகிதத்தில் ஏறி இறங்காது. அடுத்து, இத்தகைய மீட்டர்கள் நம்பத்தக்க விதத்தில் அளக்கும் அதிர்வெண் ஏறத்தாழ 40 முதல் 400 ஹெர்ட்ஸ் வரைதான். வசனத்தின் தெளிவு இருப்பது அதற்கு மேலே.

உங்கள் நண்பர் சொன்ன 300 என்ற எண்ணையும் அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். எந்த டெஸ்ட் ஃபிலிம் ஓடும்போது, எந்த டெஸ்ட் பாயின்ட்டில், இரைச்சலைக் குறைக்கும் நாய்ஸ் ரிடக்‌ஷனுக்கு முன்பா பின்பா என்று சொல்லப்படாத வோல்ட் அளவுக்குப் பொருள் இல்லை. உங்கள் புராசஸரின் நிறுவல் கையேடு எந்த இடத்தில் எந்த அளவு என்று சொல்கிறதோ அது மட்டுமே உங்களுக்குரிய எண். நீங்கள் அளந்தது ஓடிக்கொண்டிருந்த ஒரு பாடல் காட்சியை. ஸ்டீரியோ பாடலில் இடமும் வலமும் சமமாக இருக்க வேண்டிய அவசியமே இல்லை. இசை இடது பக்கம் கூடுதலாக இருந்த நொடியில் நீங்கள் வலது பக்கத்தைத் தூக்கிவிட்டிருக்கலாம்.

வசனம் ஏன் சுவருக்குப் போனது

இதைச் சற்று விரிவாகச் சொல்கிறேன், ஏனெனில் இதைப் புரிந்துகொண்டால் மற்ற முடிவுகளை நீங்களே எடுத்துவிடுவீர்கள். 35 எம்.எம். டால்பி பிரிண்ட்டில் இருப்பவை இரண்டே ஒலித்தடங்கள். அந்த இரண்டிலிருந்துதான் புராசஸர் இடது, சென்டர், வலது, சரௌண்ட் (சுவர் ஸ்பீக்கர்கள்) என்று நான்கைப் பிரிக்கிறது. இரண்டு தடங்களிலும் ஒரே அளவில், ஒரே திசையில் பதிவான ஒலி சென்டருக்குப் போகிறது. எதிரெதிர்த் திசையில் பதிவான ஒலி, அதாவது இரண்டுக்கும் உள்ள வித்தியாசம், சரௌண்டுக்குப் போகிறது. வசனம் இரண்டு தடங்களிலும் சமமாக இருப்பதால் கழித்தால் ஒன்றும் மிஞ்சக் கூடாது. ப்ரீஆம்ப்பில் ஒரு பக்கம் கூடிவிட்டாலோ, மிஞ்சுகிறது.

எவ்வளவு மிஞ்சும் என்பதைக் கணக்கிடலாம். அடிப்படை மேட்ரிக்ஸ் (இந்தக் கூட்டல், கழித்தல்) கணக்கில், இரு பக்கத்துக்கும் அரை டெசிபல் வித்தியாசம் இருந்தால் சரௌண்டுக்குக் கசியும் வசனம் சென்டரைவிட 31 டெசிபல் தாழ்ந்திருக்கும், யாருக்கும் கேட்காது. ஒரு டெசிபல் என்றால் 25. உங்களுக்கு நேர்ந்திருக்கக்கூடிய 3 டெசிபலில் அது 15 டெசிபல் அளவுக்கு நெருங்கிவிடுகிறது. நான்கு சேனல்களைப் பிரிக்கும் டிகோடரின் திசையறியும் சுற்று இதைக் கொஞ்சம் மறைக்கப் பார்க்கும். ஆனால் தவறான சமநிலை கிடைத்தால் அதுவும் ஒலியைத் தவறான பக்கம் இழுக்கும். சரௌண்ட் சேனலில் அரங்கின் நீளத்துக்கு ஏற்பத் தாமதம் சேர்க்கப்பட்டிருப்பதால், கசிந்த வசனம் எதிரொலியாகவே காதில் விழுகிறது. நீங்கள் எழுதிய முதல் அறிகுறி இதுதான்.

‘ச’, ‘ஸ்’ சீறுவதற்குக் காரணம் பெரும்பாலும் வேறு. அது பிரிசெட்டில் இல்லை, ஒலித்தடத்தை ஒளியால் வாசிக்கும் சவுண்ட் ஹெட்டில் இருக்கிறது. ஸ்லிட் ஒளிக்கீற்று ஃபிலிமுக்குச் சரியாகக் குறுக்கே விழாமல் சற்றுச் சாய்ந்திருந்தால், ஒரு தடத்தை முன்னதாகவும் மற்றதைத் தாமதமாகவும் வாசிக்கும். நொடிக்கு 24 சட்டங்கள் என்ற வேகத்தில் ஃபிலிம் நொடிக்குச் சுமார் 456 மில்லிமீட்டர் ஓடுகிறது. 6 கிலோஹெர்ட்ஸ் ஒலியின் ஓர் அலை அதில் 76 மைக்ரான் இடத்துக்குள் அடங்கிவிடுகிறது. இரு தடங்களின் நடுக்கோடுகளுக்கு இடையே ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர் தூரம். அரை டிகிரி சாய்வு இருந்தாலே 6 கிலோஹெர்ட்ஸில் இரு பக்கத்துக்கும் சுமார் 40 டிகிரி கட்ட வேறுபாடு (ஃபேஸ், அதாவது ஓர் அலை மற்றதைவிட முந்துவது அல்லது பிந்துவது) வந்துவிடும். அப்போது அந்தச் சீறல் ஒலி, சென்டரில் இருப்பதைவிட 8 டெசிபல் மட்டுமே தாழ்ந்து சரௌண்டில் கேட்கும். இரு வெளியீடுகளின் வோல்ட் அளவு துல்லியமாகச் சமமாக இருந்தாலும் இந்தக் குறை அப்படியே இருக்கும். எந்த விலை மல்டிமீட்டரும் இதைக் காட்டாது, ஏனென்றால் அது அளவைப் பார்க்குமே தவிரக் கட்டத்தைப் பார்க்காது.

மூன்றாவது அறிகுறி எளிது. உங்கள் புராசஸரில் ஒவ்வொரு புரொஜெக்டருக்கும் தனித்தனி ப்ரீஆம்ப் பிரிசெட்கள் இருக்கின்றன. ஒன்றைத் திருகி மற்றதை விட்டுவிட்டாலோ, இரண்டையும் வெவ்வேறு ரீல்களை வைத்துத் திருகினாலோ ஒலி குதிக்கத்தான் செய்யும். ஒரே டெஸ்ட் ஃபிலிமை இரண்டு புரொஜெக்டரிலும் ஓட்டி, ஒரே எண்ணுக்குக் கொண்டுவருவதே வழி.

மல்டிமீட்டர் எதற்கு உதவும்

மல்டிமீட்டரைத் தூக்கி வைத்துவிடுங்கள் என்று சொல்ல மாட்டேன். உங்களிடம் உள்ள மீட்டரே டிசி பக்கம் நம்பத்தக்கது. புராசஸரின் பிளஸ், மைனஸ் சப்ளைகள் கையேட்டில் உள்ளபடி சமமாக நிற்கின்றனவா, ஒலித்தடத்தில் ஒளி பாய்ச்சும் எக்ஸைட்டர் விளக்குக்கு உரிய வோல்ட் வருகிறதா, அந்த ஒளியை மின்சிக்னலாக மாற்றும் சோலார் செல்லிலிருந்து வரும் கேபிளில் எங்காவது அறுந்திருக்கிறதா என்பதையெல்லாம் பிரிசெட்டைத் தொடுவதற்கு முன்பே அதை வைத்துப் பார்த்துவிட வேண்டும். எக்ஸைட்டர் சப்ளையின் ஃபில்டர் கெபாசிட்டர் வற்றிப்போனால் 100 ஹெர்ட்ஸ் ஹம் ஒலித்தடத்தின் மேலேயே ஏறி வரும். அதை இந்த மீட்டரின் ஏசி ரேஞ்சில் பார்க்க முயலாதீர்கள். மலிவு மீட்டர் டிசியையும் சேர்த்துப் படித்துப் பொய்யான எண் காட்டும்.

ப்ரீஆம்ப் அளவுக்கு வேண்டியது, ஏசியில் 2 வோல்ட் அல்லது அதற்கும் கீழான ரேஞ்ச் கொண்ட, உண்மை ஆர்.எம்.எஸ். (அலையின் வடிவம் எதுவானாலும் சரியான அளவு) அளக்கும் மீட்டர். 2 வோல்ட் ரேஞ்சில் கடைசி இலக்கம் ஒரு மில்லிவோல்ட் ஆகிவிடுவதால் 300 மில்லிவோல்ட்டில் 0.03 டெசிபல் வித்தியாசம்கூடத் தெரியும். வாங்குவதற்கு முன் அதன் ஏசி அதிர்வெண் வரம்பைக் கட்டாயம் படியுங்கள். ஃப்ளூக் 87வி போன்ற மீட்டர் 20 கிலோஹெர்ட்ஸ் வரை அளக்கும். உங்கள் ஒரு வேலைக்காக அந்த விலை கொடுக்க வேண்டியதில்லை, ஓரிரு கிலோஹெர்ட்ஸ் வரை பொறுப்பேற்கும் மீட்டரே டோனுக்குப் போதும். சராசரியை அளந்து ஆர்.எம்.எஸ். என்று காட்டும் மீட்டர், சைன் டோனில் சரியாகவும் பிங்க் நாய்ஸில் (எல்லா ஸ்தாயியும் கலந்த சோதனை இரைச்சல்) சுமார் ஒரு டெசிபல் குறைவாகவும் காட்டும் என்பதையும் நினைவில் வையுங்கள். இரு பக்கத்தையும் ஒப்பிட அது இடைஞ்சல் அல்ல; கையேட்டு எண்ணோடு ஒப்பிடும்போதுதான் ஏமாற்றும்.

இவற்றையெல்லாம்விட, பழைய டூயல் டிரேஸ் சி.ஆர்.ஓ. (இரண்டு சிக்னல்களைத் திரையில் வரைந்து காட்டும் ஆஸிலோஸ்கோப்) ஒன்று கிடைத்தால் அதைத்தான் நான் பரிந்துரைப்பேன். இடது வெளியீட்டை எக்ஸிலும் வலது வெளியீட்டை ஒய்யிலும் கொடுத்து எக்ஸ்-ஒய் முறையில் பாருங்கள். டெஸ்ட் டோன் ஓடும்போது 45 டிகிரியில் ஒற்றைக் கோடு நின்றால் அளவும் கட்டமும் சரி. கோடு சாய்ந்தால் அளவில் பிழை. கோடு முட்டை வடிவமாக விரிந்தால் ஸ்லிட் சாய்ந்திருக்கிறது. நீங்கள் ஸ்லிட் லென்ஸைத் திருப்பத் திருப்ப அந்த முட்டை ஒடுங்கி மறுபடியும் கோடாவதைக் கண்ணால் பார்க்கலாம்.

டெஸ்ட் ஃபிலிம் இல்லாமல்

இந்தக் கேள்விக்கு நீங்கள் விரும்பும் பதிலை முழுதாகத் தர முடியவில்லை. ப்ரீஆம்ப் திருத்தத்தில் இரண்டு தனி வேலைகள் இருக்கின்றன: இரு பக்கத்தையும் ஒன்றுக்கொன்று சமமாக்குவது ஒன்று, இரண்டையும் டால்பி அளவுக்குக் கொண்டுவருவது மற்றொன்று. டால்பி அளவு என்பது ஒலித்தடத்தின் 50 சதவீதப் பண்பேற்றம் (மாடுலேஷன்). அது பதிவான 69டி டோன் ஃபிலிம் ஓடாமல் அந்த இடத்தைக் கண்டுபிடிக்க வழியில்லை. நாய்ஸ் ரிடக்‌ஷன் கார்டு அந்த அளவை நம்பித்தான் மெல்லிய ஒலிகளை எவ்வளவு தாழ்த்துவது என்று முடிவு செய்கிறது. ப்ரீஆம்ப் தாழ்ந்திருந்தால் மேல்ஸ்தாயி மழுங்கும், உயர்ந்திருந்தால் இரைச்சல் மேலே வரும்.

முதல் வேலையை மட்டும், டெஸ்ட் ஃபிலிம் வரும்வரை, மோனோ பிரிண்ட் ஒன்றை வைத்து ஓரளவு செய்துகொள்ளலாம். இரட்டைத் தடமாகப் பதிவான மோனோவில் இரண்டு பக்கமும் ஒரே ஒலிதான். நல்ல மீட்டரின் இரு புரோப்களையும் இடது, வலது ப்ரீஆம்ப் வெளியீடுகளுக்கு நடுவே வையுங்கள்; பேட்டரியில் ஓடும் மீட்டர் என்பதால் கிரவுண்டோடு சிக்கல் வராது. ஒரு பக்கப் பிரிசெட்டை மெல்லத் திருகினால் எண் குறைந்து குறைந்து ஓரிடத்தில் மறுபடி ஏறத் தொடங்கும். மிகக் குறைந்த இடமே சமநிலை. ஒரு பக்கம் 300 மில்லிவோல்ட் இருக்கையில் நடுவே 17 மில்லிவோல்ட் மிஞ்சினால் அரை டெசிபல் வித்தியாசம் என்று பொருள். அந்த எண் போதிய அளவு இறங்க மறுத்தால் ஸ்லிட் சாய்வையோ, ஃபிலிம் பக்கவாட்டில் விலகி ஓடுவதையோ முதலில் சரிசெய்ய வேண்டும். பக்கவாட்டு ஓட்டத்துக்கு பஸ் டிராக் என்ற ஃபிலிம் இருக்கிறது: ஒரு பக்கம் விலகினால் 300 ஹெர்ட்ஸும் மறு பக்கம் விலகினால் 1000 ஹெர்ட்ஸும் கேட்கும், சரியாக ஓடினால் இரண்டும் கேட்காது.

இதற்கு ஒரு டிரெய்லரையோ வீணான ரீல் துண்டையோ பயன்படுத்துங்கள். திரையிடத் தந்த பிரிண்ட்டைத் தயவுசெய்து திரும்பத் திரும்ப ஓட்டாதீர்கள். அந்தப் படத்துக்கு அது கடைசிப் பிரிண்ட்டாகவே இருக்கலாம். ஒவ்வொரு ஓட்டமும் ஒலித்தடத்தில் கீறல் சேர்க்கும். ரீல் டப்பாவைத் திறக்கும்போது வினிகர் வாடை அடித்தால் அந்த அசிடேட் ஃபிலிம் சுருங்கத் தொடங்கிவிட்டது என்று பொருள். அதைப் புரொஜெக்டரில் ஏற்றாமல் உரியவருக்குத் தகவல் சொல்லுங்கள்.

சத்தத்தைக் கூட்டச் சொல்லும் முதலாளி

அவர் கேட்பது நியாயம், கூட்டும் இடம்தான் வேறு. ப்ரீஆம்ப்பைத் தூக்கினால் மேலே சொன்ன நாய்ஸ் ரிடக்‌ஷன் கணக்கு குலைந்துவிடும். அரங்கின் சத்தத்தை அமைப்பது புராசஸரின் வெளியீட்டுக்கு அப்பால்: ஃபேடரை 7இல் வைத்து, பிங்க் நாய்ஸ் கொடுத்து, இருக்கைகளின் நடுவில் சி வெயிட்டிங் கொண்ட ஒலிமானியால் அளந்து, திரைக்குப் பின்னுள்ள ஒவ்வொரு சேனலும் 85 டெசிபல் காட்டும்படி வெளியீட்டு அளவைத் திருத்த வேண்டும். அதற்கு மல்டிமீட்டர் உதவாது. ஸ்பீக்கருக்குப் போகும் வோல்ட் சமமாக இருப்பதால் அரங்கில் கேட்கும் ஒலியும் சமம் என்று ஆகாது.

மேல்ஸ்தாயி மந்தமாக இருப்பதால் அவருக்குச் சத்தம் குறைவாகத் தோன்றவும் வாய்ப்புண்டு. ஸ்லிட் ஒளிக்கீற்றின் தடிமன் 25 மைக்ரான் என்றால் 8 கிலோஹெர்ட்ஸில் 3 டெசிபலும் 10 கிலோஹெர்ட்ஸில் 5 டெசிபலும் இயல்பாகவே இழப்பாகும். லென்ஸ் ஃபோகஸ் கலைந்தாலோ எண்ணெய் படிந்தாலோ இழப்பு இன்னும் கூடும். துடைத்து ஃபோகஸ் செய்த பிறகு மிஞ்சும் இழப்பை ஈடுகட்ட ப்ரீஆம்ப்பில் தனிப் பிரிசெட் இருக்கிறது. 69பி பிங்க் நாய்ஸ் ஃபிலிமையும் ஸ்பெக்ட்ரம் அனலைசரையும் வைத்துத்தான் அதைத் தொட வேண்டும். புதுப் பிரிண்ட்களில் மட்டும் ஒலி தாழ்ந்திருந்தால் அவை சயான் (நீலப்பச்சைச் சாயம்) ஒலித்தடமாக இருக்கலாம். எக்ஸைட்டர் விளக்கின் அகச்சிவப்பு ஒளி அந்தச் சாயத்தைத் தாண்டிச் சென்றுவிடும், சிவப்பு எல்.இ.டி. ரீடர் மாற்றுவதே அதற்குத் தீர்வு.

கை வைக்கக் கூடாத இடங்கள்

செனான் லாம்ப் ஹவுஸையும் அதன் இக்னைட்டரையும் எந்த மீட்டராலும் அளக்க முயலாதீர்கள். விளக்கு எரியத் தொடங்கும் கணத்தில் அங்கே பல்லாயிரம் வோல்ட் துடிப்பு பாயும். குளிர்ந்த நிலையிலும் செனான் பல்பு உயர் அழுத்தத்தில்தான் இருக்கிறது. ப்ரீஆம்ப்பைத் தொடும்போதெல்லாம் பவர் ஆம்ப்ளிஃபையர்களை அணைத்துவிடுங்கள், புரோப் நுனி ஒரு முறை வழுக்கினால் ஹை ஃப்ரீக்வென்சி டிரைவர் போய்விடும். சிவப்பு வயர் ஆம்பியர் துளையில் இல்லை என்பதை ஒவ்வொரு முறையும் பாருங்கள்.

இனி செய்ய வேண்டியது

பிரிசெட்களை இதற்கு மேல் திருக வேண்டாம். இப்போதுள்ள நிலையில் சப்ளை வோல்ட்களை அளந்து ஒரு நோட்டில் எழுதுங்கள். சவுண்ட் ஹெட்டையும் ஸ்லிட் லென்ஸையும் சுத்தம் செய்து, மோனோ துண்டை வைத்து இரு புரொஜெக்டர்களிலும் சமநிலையை மீட்டெடுங்கள். வசனக் கசிவு அதிலேயே பெருமளவு குறைந்துவிடும். முதல் திரையிடல் மோனோ படமாக இருக்கும்படி இளைஞர்களிடம் கேட்டுக்கொண்டால், புராசஸரை மோனோ நிலையில் வைத்து நிம்மதியாக ஓட்டலாம். ஸ்டீரியோ படங்களுக்கு முன்பாக, டெஸ்ட் ஃபிலிம்களும் அனலைசரும் வைத்திருக்கும் பொறியாளரை ஒரு நாள் வரவழைப்பதே சரி. அந்தச் செலவைத் தவிர்க்க வழி சொல்ல இயலாததற்கு வருந்துகிறேன்.

அவர் வரும்போது சில விஷயங்களைக் கேட்டுப் பெறும் உரிமை உங்களுக்கு உண்டு. எந்த டெஸ்ட் ஃபிலிமைக் கொண்டுவருகிறார், அது தேயாமல் இருக்கிறதா என்று முதலிலேயே கேளுங்கள். தொடுவதற்கு முன்பும் பின்பும் இரு பக்க அளவுகளையும், இரு புரொஜெக்டர்களுக்கும் தனித்தனியாக, எழுதிக் கையெழுத்திட்டுத் தரச் சொல்லுங்கள். டோன் ஓடிக்கொண்டிருக்கும்போதே உங்கள் புது மீட்டரை அதே டெஸ்ட் பாயின்ட்டில் வைத்து, அது என்ன எண் காட்டுகிறதோ அதையும் பக்கத்தில் குறித்துக்கொள்ளுங்கள். அடுத்த ஆண்டு அதே மீட்டரில் அதே ஃபிலிமுக்கு அந்த எண் அரை டெசிபலுக்கு மேல், அதாவது 6 சதவீதத்துக்கு மேல் மாறியிருந்தால், அவரை மறுபடி கூப்பிடுங்கள்.